பூசணிக்காய்க்குப் பல் கட்டிய மாகிரட்

மாகிரட் இருபத்திரண்டு வருடங்களாகப் பல் செய்கிறாள். ஹென்டர்சனில் ஒரு சின்ன லாப். பல் வைத்தியர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, பிறகு வார்த்து, மினுக்கி, பெட்டியில் போட்டு அனுப்புவது அவளுடைய வேலை. ஓக்லாந்தின் மேற்குப் பக்கத்தில் வாழும் வயதானவர்களில் கணிசமானோர் அவளுடைய கைவேலையால்தான் சிரிக்கிறார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. மாகிரட்டும் சொல்வதில்லை. ரயிலில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால், மேல் வரிசை தன்னுடையதா என்று மட்டும் பார்ப்பாள்.

அவள் மன்னாரில் பிறந்தவள். வயது ஐம்பத்து நாலு. கணவர் ஏர்னஸ்ட் ஒரு மரக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ரானுயி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரே டிரைவ்வேயில் வரிசையாக நிற்கும் மூன்று வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. பிள்ளைகள் இல்லை. ஒரு காலத்தில் இருவரும் அதைப் பற்றி நிறையக் கதைத்தார்கள். பிறகு கதைத்து முடித்துவிட்டார்கள்.

போன செப்டம்பர் கடைசியில், குப்பை எடுக்கும் நாளுக்கு முந்திய மாலை, மஞ்சள் மூடி போட்ட குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது மாகிரட் டிரைவ்வேயில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் எலும்பு வெடித்துவிட்டது. மூன் பூட் என்று இங்கே சொல்கிற, முழங்கால் வரை வரும் பெரிய பிளாஸ்டிக் சப்பாத்தை மாட்டி, ஆறு கிழமைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாள் அவள் வீட்டிலிருந்த கரண்டிகளை எல்லாம் அளவுப்படி அடுக்கினாள். இரண்டாம் நாள் ஏர்னஸ்டின் திருகாணிகளை அடுக்கினாள். மூன்றாம் நாள் அடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

நான்காம் நாள் நடு வீட்டு அபிதா கதவைத் தட்டினாள். அபிதா திருநெல்வேலிக்காரி. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். கணவன் செல்வராஜுக்கு டவுனில் ஐடி வேலை. அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். பெயர் நறுமுகை. நல்ல தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் தேடி வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் அவளை நாரு என்று கூப்பிடுகிறார்கள்.

"அக்கா, ஒரு உதவி," என்றாள் அபிதா. "எனக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்க. ஸ்கூல் முடிஞ்சு பார்த்துக்கிற இடத்துல நவம்பர் வரைக்கும் இடம் இல்லையாம். மூணு மணியிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் இவ உங்ககூட இருக்கலாமா?"

"எனக்குச் சின்னப் பிள்ளையளோட பழக்கம் இல்லை," என்றாள் மாகிரட்.

"அவளுக்கும் பெரியவங்களோட அவ்வளவா பழக்கம் இல்லைக்கா."

மாகிரட் யோசித்தாள். அது நியாயமாகத்தான் பட்டது. "ஓம், வரச் சொல்லுங்கோ," என்றாள்.

அடுத்த நாள் நறுமுகை ஒரு தாளோடு வந்தாள். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று அபிதா இணையத்திலிருந்து அச்செடுத்துக் கொடுத்தது. இலையுதிர் காலத்தையும் ஹாலோவீனையும் வீட்டிலேயே கொண்டாடச் செய்யக்கூடிய பன்னிரண்டு எளிய வேலைகள் என்று மேலே எழுதியிருந்தது. எழுத்து சிறியது. மாகிரட்டின் கண்ணாடி அவள் வழுக்கி விழுந்தபோது உடைந்துபோயிருந்தது. அதனால் நறுமுகை வாசித்தாள், மாகிரட் செய்தாள். நறுமுகை ஆங்கிலத்தில் மட்டும் சொல்வாள், மாகிரட் தமிழில் மட்டும் கேட்பாள். இருவருக்கும் அதில் சிரமம் இருக்கவில்லை.

"இதில எத்தினை செய்ய வேணும்?" என்று மாகிரட் கேட்டாள்.

விருப்பமானதைச் செய்யலாம் என்று போட்டிருப்பதாக நறுமுகை சொன்னாள்.

"அப்பிடிச் செய்யேலாது. ஒண்டாம் நம்பரில இருந்து வாசி."

ஒன்றாம் நம்பர், உதிர்ந்த இலைகளால் மாலை. சிவப்பு, மஞ்சள், செம்மண் நிற இலைகளைத் தோட்டத்தில் பொறுக்கி வரவும் என்று இருந்தது. அது ஒக்டோபர் முதல் கிழமை. வெளியே வசந்த காலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ரானுயியில் இருந்த மரமெல்லாம் இலை விட்டுக்கொண்டிருந்தது. நறுமுகை போய்ப் பத்து நிமிடம் தேடி ஒரே ஒரு இலையுடன் வந்தாள். அதுவும் பச்சை. இந்தத் தாள் உலகத்தின் மற்றப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுதியது, ஆன்ட்டி, இங்கே எல்லாம் தலைகீழ் என்று விளக்கினாள்.

"தாளில இலை எண்டு கிடக்கு. இலை வேணும்," என்றாள் மாகிரட்.

பின் வளவில் ஒரு அவகாடோ மரம் நின்றது. காய்க்காத மரம். அதை வெட்ட வேண்டும் என்று ஏர்னஸ்ட் எட்டு வருடங்களாகச் சொல்லி வருகிறார். அவகாடோ மரம் எல்லா மரங்களையும் போல நடந்துகொள்வதில்லை. வசந்தத்தில்தான் பழைய இலையைக் கொட்டும். அடியில் மஞ்சளும் பழுப்புமாகக் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. இருவரும் நாற்பது இலை தெரிந்தெடுத்தார்கள். மாகிரட் நீளம் பார்த்துத் தெரிந்தாள். நறுமுகை புழு இல்லாததாகப் பார்த்துத் தெரிந்தாள்.

அன்று மாலை ஏர்னஸ்ட் வேலையால் வந்தபோது, மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, கேக் சுடும் தாள்களுக்கு நடுவில் இலைகளை வைத்து அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா செய்யிறாய்?"

"இலை அயர்ன் பண்ணுறன்."

ஏர்னஸ்ட் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ர சேர்ட் ஒண்டும் கிடக்கு," என்றார்.

"அது தாளில இல்லை," என்றாள் மாகிரட்.

இரண்டாம் நம்பர், அப்பிளைப் பாதியாக வெட்டி நிறத்தில் தோய்த்து அச்சுக் குத்துவது. கீழ்க் கடைவாய்ப்பல்லை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று மாகிரட் திருப்தியோடு சொன்னாள். நறுமுகைக்கு அது வேறொன்று போலத் தெரிந்தது. எதைப் போல என்று அவள் சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. மாகிரட் தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். "ஓம், அதுவும் சரிதான்," என்றாள். மூன்றாம் நம்பர், டொய்லெட் ரோல் அட்டைக்குத் துணி சுற்றி மம்மி செய்வது. அதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பண்டேஜ் இருந்தது. நான்கு, கறுத்த மட்டையில் வௌவால். மாகிரட் இரண்டு சிறகும் ஒரே அளவாக வர வேண்டும் என்று ஸ்கேல் வைத்து வெட்டினாள். ஒரு வௌவாலுக்குப் பத்து நிமிடம் எடுத்தது. நறுமுகை அதே நேரத்தில் ஒன்பது வெட்டினாள். ஒன்பதும் ஒன்பது விதமாக இருந்தன. கூரையில் தொங்கவிட்டபோது மாகிரட்டின் வௌவால்தான் செத்தது போல இருந்தது. அதை அவளே கவனித்தாள்.

ஏழாம் நம்பர் பூசணிக்காய்.

ஏர்னஸ்ட் சனிக்கிழமை சாமான் வாங்க, இந்தியக் கடைகள் இருக்கும் சான்ட்ரிங்ஹாம் பக்கம் போனார். கடையில் பூசணியைக் கீற்றாக வெட்டி வைத்திருந்தார்கள். முழுசாக ஒன்று கேட்டபோது, எத்தனை பேருக்குச் சமையல் என்று கடைக்காரர் கேட்டார். ஏர்னஸ்ட் பொய் சொல்லத் தெரியாதவர். அதனால் வெளியே வந்துவிட்டார். கடைசியில் வீட்டுக்குப் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் ஒன்று கிடைத்தது. தாளில் இருந்த பூசணி செம்மஞ்சள், பளபளப்பு. இந்த ஊர்ப் பூசணி வெளியே சாம்பல் நிறம், தட்டினால் கல்.

"இட்ஸ் கிரே," என்றாள் நறுமுகை. அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"எங்கட லாப்பில பல்லுக்குப் பதினாறு நிறம் இருக்கு," என்றாள் மாகிரட். "அதில ஒண்டுகூட வெள்ளை இல்லை. ஆக்கள் சந்தோசமாத்தான் போட்டுக்கொண்டு போகினம்."

முதல் வெட்டிலேயே சமையல் கத்தியின் நுனி முறிந்தது. ஏர்னஸ்டின் மரம் அரியும் வாள் வழுக்கியது. மாகிரட் கத்தியைக் கீழே வைத்துவிட்டு லாப்புக்கு ஃபோன் எடுத்தாள். திங்கட்கிழமை ஏர்னஸ்ட் அங்கே போய், பல்லை அரைக்கப் பயன்படும் சின்ன மெஷினையும் ஒரு பெட்டி முனைகளையும் வாங்கி வந்தார். லாப் முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் இரவல் கேட்ட முதலாவது பொருள் அது.

மூன்று பின்னேரங்கள் எடுத்தது. நறுமுகை நீச்சல் கண்ணாடி போட்டு, மூக்கை மூடிக்கொண்டு, அரைத்த தூளைத் தூரிகையால் தட்டிவிட்டாள். உள்ளே இருந்த சதையை ஏர்னஸ்ட் ஒரு நாள் பால் விட்டும், ஒரு நாள் தேங்காய்ப்பூப் போட்டும், ஒரு நாள் ஒன்றும் போடாமலும் சாப்பிட்டார். கண் வந்தது, மூக்கு வந்தது, வாய் திறந்தது. பல்லுக்கு வந்தபோதுதான் பிரச்சினை. தாளில் இருந்த படத்தில் பூசணிக்குப் பல் முக்கோணமாக, மேலே மூன்று, கீழே இரண்டு.

"இப்பிடி ஒரு உயிரினத்துக்கும் பல் இல்லை," என்றாள் மாகிரட்.

இட்ஸ் அ பம்கின், ஆன்ட்டி, என்று நறுமுகை பொறுமையாகச் சொன்னாள்.

மாகிரட் அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வரச் சொன்னாள். அதற்குள் மேலும் கீழுமாக ஒரு முழுப் பல் செட் இருந்தது. ஒரு நாளும் பாவிக்காதது.

அது இராசநாயகத்துக்குச் செய்தது. இராசநாயகம் பிளாக்ஹவுஸ் பேயில் தனியாக இருக்கிறார். எழுபத்தொரு வயது, பார்சல் தரம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தமிழ்க் கத்தோலிக்கரின் செபமாலைக் குழுவுக்குச் செயலாளர். மனைவி இவோன் நாலு வருடத்துக்கு முன்னால் காலமானார். அடுத்த வருடம் அவருக்கு மிச்சப் பல்லும் போயிற்று. மாகிரட் அவரிடம் ஒரு பழைய படம் கேட்டாள். அவர் கலியாணப் படத்தைக் கொடுத்தார். அதில் அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். முன் பல் இரண்டும் கொஞ்சம் பெரிது, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. மாகிரட் அதை அப்படியே செய்தாள். தன் வாழ்நாளில் அதைவிடச் சரியாக ஒன்றைச் செய்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். இராசநாயகம் அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார், கழற்றினார், பெரிது என்றார். பிறகு வேறொன்று சின்னப் பல்லாக வைத்துச் செய்து கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவர் கதைக்கும்போது ஒரு விசில் சத்தம் வரும்.

இருபத்திரண்டு வருடத்தில் திரும்பி வந்தது அந்த ஒரு செட்தான். அவள் அதைப் பற்றி ஒருவரிடமும் கதைக்கவில்லை. எறியவும் இல்லை.

பிங்க் மெழுகை உருக்கிப் பூசணியின் வாய்க்குள் மேல் வரிசையை ஒட்டினாள், பிறகு கீழ் வரிசையை. இரண்டும் சரியாகக் கடித்து நின்றன. பூசணி சிரித்தது. ஏதோ பகிடி கேட்ட மனிதர் சிரிப்பது போலச் சிரித்தது.

நறுமுகை நீச்சல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தாள். "ஹீ லுக்ஸ் நைஸ்," என்றாள்.

ஒக்டோபர் செபமாலை மாதம். குழுவினர் கிழமைக்கு ஒரு வீட்டில் கூடுவார்கள். இருபத்தெட்டாம் திகதி இராசநாயகம் ஃபோன் எடுத்தார்.

"மாகிரட், கடைசிச் செபமாலை வைக்க இருந்த வீட்டில எல்லாருக்கும் காய்ச்சலாம். வெள்ளிக்கிழமை உங்கட வீட்டில வைப்பமே? உமக்கும் கால் ஏலாது, வெளியில வரத் தேவையில்லை."

"ஓம் அண்ணை, வையுங்கோ."

"வெள்ளி முப்பத்தோராம் திகதி. அண்டைக்குச் சாத்தானுக்கு வேசம் போட்டுக்கொண்டு பிள்ளையள் திரியும். வாசல் லைற்றை நூர்த்து வையும்."

"ஏழே முக்கால் மட்டும் வெயில் அண்ணை."

இராசநாயகம் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அபிதா கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "ஐயோ அக்கா, சாமி கும்பிடுற எடத்துல இதெல்லாம் இருக்கக் கூடாதுல்ல? நான் வந்து கழட்டிடுறேன். இவகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாகிரட் ஹோலைச் சுற்றிப் பார்த்தாள். கூரையில் பத்து வௌவால், ஜன்னலில் பண்டேஜ் சுற்றிய ஆறு மம்மி, சுவரில் அப்பிள் அச்சுகள். நறுமுகை வகுப்பில் பதினாலு பேருக்கு இந்த வீட்டின் விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தாள். கடைசி வீடு என்பதால் அதுவரைக்கும் ஒரு ஹாலோவீனுக்கும் ஒரு பிள்ளையும் அவர்களுடைய கதவைத் தட்டியது இல்லை.

"முடிச்ச வேலையை ஆக்கள் பாக்க முன்னம் கழட்டேலாது அபிதா," என்றாள். "ரெண்டும் நடக்கட்டும்."

"ரெண்டுமா?"

"ஓம். ஹோல் பெரிசுதானே."

ஏர்னஸ்டுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, வாசற்படிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்த பூசணியின் மேல் பாத்திரம் துடைக்கும் துவாய் ஒன்றைப் போட்டு மூடினார். மாதா சுருபத்தை மேசையில் வைத்தபோது பூமாலை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அயர்ன் பண்ணிய இலை மாலையை எடுத்துச் சூட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். நல்ல வெயில். வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள், மாகிரட்டின் மூன் பூட்டைப் பார்த்தார்கள், சுகம் விசாரித்துவிட்டு உட்கார்ந்தார்கள். நோயாளியின் வீட்டில் வௌவாலைப் பற்றிக் கேட்பது சரியில்லை என்று நினைத்திருக்கலாம். இராசநாயகம் மட்டும் கூரையைப் பார்த்துவிட்டு ஏர்னஸ்டைப் பார்த்தார். ஏர்னஸ்ட் தரையைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை என்பதால் செபமாலையில் ஐந்து துயர தேவ இரகசியங்கள். முதலாவது முடியும்போது கதவு தட்டுப்பட்டது. ஏர்னஸ்ட் எழுந்து போனார். ஒரு தேனீயும் ஒரு எலும்புக்கூடும். லொலி இனிப்புக் கொடுத்து அனுப்பினார். இரண்டாவதில் மூன்று முறை தட்டினார்கள். நறுமுகை தன் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் அன்று கடைவாய்ப்பல். மாகிரட் பழைய வெள்ளைப் போர்வையில், இரண்டு வேரோடு தைத்துக் கொடுத்திருந்தாள். நீ என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம், கீழ் வரிசை, வலப் பக்கம் என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தேவ இரகசியத்தின் நடுவில் வெளியே பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ துவாயை இழுத்துவிட்டார்கள். சிரிப்பு நிற்கவில்லை. இராசநாயகம் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். செயலாளர் என்ற முறையில் அவர்தான் போக வேண்டும் என்று நினைத்தார் போல. கதவைத் திறந்தார்.

வெயில் நேராகப் பூசணியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இராசநாயகம் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்தது. தேனீ உடுப்பில் திரும்பி வந்திருந்த சிறுமிக்கு நாலு வயதிருக்கும். அவள் பூசணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது உங்கள் தம்பியா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஏன் அப்படித் தோன்றியது என்று சொல்ல முடியாது. இராசநாயகம் அப்போது வாயைத் திறக்கவே இல்லை.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தார். நாலாவது, ஐந்தாவது எல்லாம் ஒழுங்காக முடிந்தன. மாகிரட் கண்ணை மூடியிருந்தாள். ஆனால் அவள் செபிக்கவில்லை. இந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்பதா, அல்லது அந்தப் பல் சரியான பல் என்று மூன்று வருடத்துக்குப் பிறகாவது சொல்லிவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ரோல்ஸும் தேநீரும் கொடுத்தபோது இராசநாயகம் கோப்பையோடு அவள் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தார்.

"அது என்ர பல்லெல்லோ?"

"ஓம் அண்ணை. மன்னிக்க வேணும். சும்மா கிடக்குது எண்டு—"

"பெரிசெண்டு சொன்னனான் என்ன."

"சொன்னனீங்கள். ஆனால் அது பெரிசில்லை அண்ணை." இதைச் சொன்னபோது அவளுடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது. ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்," என்றார் இராசநாயகம். தேநீரை ஒரு வாய் குடித்தார். "சரியா இருந்தது. அதுதான் கரைச்சல். கண்ணாடியில பாத்தால் அந்தக் கலியாணப் படம். நான் மட்டும் நிக்கிறன், பக்கத்தில அவ இல்லை. ஒவ்வொரு நாள் காலமையும் அதைப் பாக்க ஏலாது எண்டு நினைச்சன்."

இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்று மூன்று வருடத்தில் ஒரு முறைகூட மாகிரட்டுக்குத் தோன்றவில்லை. அவள் அளவைத்தான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறாள்.

"சின்னப் பல்லுக் கடிக்குதா?" என்று கேட்டாள்.

"கடிக்குது. விசிலும் அடிக்குது. செபம் சொல்லேக்க ஆக்கள் சிரிக்கினம், எனக்குத் தெரியும்." கோப்பையை மடியில் வைத்தார். "வெளியில வைச்சுப் பாக்கேக்க நல்ல சிரிப்பாத்தான் கிடக்கு. அதைத் திருப்பித் தருவீரோ?"

"பூசணிச் சாறு பட்டிட்டுது. ரெண்டு நாள் மருந்துத் தண்ணியில போட வேணும். பிறகு வாயில வைச்சுப் பாத்து அரைக்க வேணும், இப்ப பல் முரசு வத்தியிருக்கும்."

"அப்ப இப்ப கழட்டுவமே?"

மாகிரட் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஏழு மணி. "எட்டு மணி மட்டும் பிள்ளையள் வரும் அண்ணை. அதுக்குப் பிறகு கழட்டுவம்."

இராசநாயகம் தலையை ஆட்டினார். ஹாலோவீனைப் பற்றிய தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை; அது சாத்தானுக்கு உகந்த காரியம் என்று வீட்டுக்குப் போகும்போதும் ஏர்னஸ்டிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அன்று எட்டு மணி வரைக்கும் வாசலில் ஒரு கதிரை போட்டுப் பூசணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏர்னஸ்டுக்குக் கால் உளைந்ததால் லொலிச் சட்டியும் அவர் மடிக்கே போயிற்று. ஆளுக்கு ஒன்றுதான் என்று கண்டிப்பாகக் கொடுத்தார். கடைவாய்ப்பல்லுக்கு மட்டும் இரண்டு.

நவம்பர் நடுவில் மாகிரட்டின் மூன் பூட் கழன்றது. அவள் வேலைக்குத் திரும்பினாள். நறுமுகைக்கும் பள்ளிக்கூடம் முடிந்து இருக்கும் இடம் கிடைத்துவிட்டது. புதன்கிழமைகளில் மட்டும் அவள் இங்கேதான் வருவேன் என்று அடம்பிடித்ததால் புதன்கிழமை மாகிரட் லாப்பிலிருந்து முந்தி வருகிறாள். அது எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் நறுமுகையின் வகுப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்த பெரியவர்கள் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்லலாம். நறுமுகை தன் அப்பாவின் பெயரையும் எழுதவில்லை, அம்மாவின் பெயரையும் எழுதவில்லை. செல்வராஜுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்று அபிதா சொன்னாள்.

மாகிரட் போனாள். இருபத்தாறு பிள்ளைகள் பாயில் சப்பாணி கட்டி இருந்தார்கள். அதில் ஒன்பது பேருக்கு முன் பல் விழுந்திருந்தது. அதை அவள் முதலிலேயே எண்ணிவிட்டாள். மெழுகைக் காட்டினாள், நிறங்கள் பதினாறையும் காட்டினாள், ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். கடைசியில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, பல் தேவதைக்கும் நீங்கள்தான் பல் செய்கிறீர்களா என்று கேட்டது.

இல்லை, அவர்கள் இதுவரைக்கும் ஓர்டர் தரவில்லை என்று மாகிரட் பதில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஏர்னஸ்ட், "எப்பிடிப் போச்சுது?" என்று கேட்டார்.

"பத்து நிமிசம் எண்டவை. பதினேழு நிமிசம் கதைச்சிட்டன்," என்றாள் மாகிரட். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், உலை வைத்தாள்.